நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சும்மா உட்கார ஓர் இடம் வேண்டும்: நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

நகர்மன்றத் தலைவர் அவர்களுக்கும், ஆணையாளர் அவர்களுக்கும், எல்லா வார்டு உறுப்பினர்களுக்கும் வணக்கமுங்க.

சந்தைப்பேட்டைக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிற பழைய வரிவசூல் கட்டிடத்தைப் பதின்மூன்று வயதிலிருந்து பத்தொன்பது வயது வரையுள்ள நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். டியூஷன் சென்டர் வேண்டாம், கம்ப்யூட்டர் பயிற்சி மையம் வேண்டாம், போட்டித் தேர்வு வகுப்பும் வேண்டாம். பள்ளிக்கூடமோ வேலையோ முடிந்து வந்து, காசு எதுவும் கொடுக்காமல், எதற்கு வந்தாய் என்று யாருக்கும் பதில் சொல்லாமல், சிநேகிதர்களோடு ஒன்றிரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பேசிவிட்டுப் போக ஓர் இடம். அவ்வளவுதான். சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிடாமல் கடைசி வரை படியுங்கள்.

நான் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு அம்மா. கடைக்கு வெளியே நடப்பதைத் தினமும் பார்க்கிறவள் என்ற முறையில்தான் எழுதுகிறேன்.

சாயங்காலம் பள்ளி விட்டதும் பசங்களும் புள்ளைகளும் மொத்தமாக பஸ் ஸ்டாண்டுக்கு வருவார்கள். சிலருக்கு டவுன் பஸ் வர நேரமாகும், சிலருக்கு வந்த பஸ்ஸில் ஏற மனசே இருக்காது, ஏனென்றால் வீட்டில் ஆள் இல்லை. அப்பா அம்மா இரண்டு பேருமே பனியன் கம்பெனியில், ஒன்றரை ஷிப்ட் முடித்துக் கம்பெனி வண்டியில் வந்து இறங்க ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடும். தறி ஓடுகிற வீடு என்றால் ஆள் இருப்பார்கள், ஆனால் அந்தச் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. சரி, அந்த நாலைந்து மணி நேரம் இவர்கள் எங்கே இருப்பது? பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் "ஊட்டுக்குப் போகாம இங்க என்னடா வேல?" என்று கேட்பார்கள். பேக்கரியில் உட்கார ஆளுக்கு ஒரு டீயும் பப்ஸும் வாங்க வேண்டும், வாங்கினாலும் கால் மணி நேரத்தில் டேபிளைத் துடைக்க ஆள் வந்துவிடுவார், அவர் பிழைப்பு அது, குறை சொல்ல முடியாது. டர்ஃப் மைதானத்தில் விளையாட மணிக்கணக்கில் வாடகை. கோயில் மண்டபத்தில் பெரியவர்கள் இருப்பார்கள். நூலகத்தில் பேசக் கூடாது, அது நியாயம்தான். கடைசியில் போய்ச் சேருகிற இடங்கள் உங்களுக்கும் தெரியும்: வாய்க்கால் மேடு, தோட்டத்துக் கிணறு, பாதியில் நின்றுபோன காம்ப்ளக்ஸின் மொட்டைமாடி, டாஸ்மாக்குக்குப் பின்னால் உள்ள காலி சைட்.

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் எனக்கு வயிறு கலங்கும். மேலே பார்த்தால் அமைதியாகப் போகிற தண்ணீர்தான், ஆனால் இறங்கினால் இழுப்பு வேறு மாதிரி இருக்கும், சிமெண்ட் கரையில் பாசி பிடித்த இடத்தில் பிடித்து ஏற எதுவும் கிடைக்காது. நீச்சல் தெரியாத பிள்ளை அடித்துப் போய்விட்டான் என்ற செய்தி இந்த வாய்க்கால் ஓடுகிற ஏதோ ஓர் ஊரிலிருந்து வராத வருஷம் உண்டா? அப்புறம் அந்தக் காலி சைட். உதட்டுக்குள் வைத்துக்கொள்கிற புகையிலைப் பொட்டலம் எட்டாவது படிக்கிற பையன் பையில் இருக்கிறது. யார் கொடுத்தது என்று கேட்டால், "அங்க அண்ணனுங்க குடுத்தாங்க்கா" என்கிறான். அந்த அண்ணன்களுக்கும் பதினெட்டு, பத்தொன்பதுதான் ஆகிறது.

எல்லோரும் பள்ளியில் படிக்கிறவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். பத்தாவதோடு நின்று கைமடி வேலைக்கும், செக்கிங்குக்கும், ஒர்க்‌ஷாப்புக்கும், அரிசி மில்லுக்கும் போகிற பிள்ளைகள் நம் ஊரில் நிறைய. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. ஓட்டு 18 வயதில்தான் வருகிறது. நடுவில் இருக்கிற நான்கு வருஷத்தில் பள்ளியை விட்டுவிட்ட ஒரு பிள்ளையை ஊரில் எந்தக் கணக்கு நோட்டிலும் தேட முடியாது. அரசியல் கட்சிக்கும் வேண்டாம், பள்ளிக்கும் வேண்டாம், கம்பெனி சூப்பர்வைசருக்கு மட்டும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லீவில் இவர்கள் போக ஒரே இடம் செல்போன்தான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கேயே வளர்கிற பிள்ளைகள் இன்னொரு பக்கம். நம் பிள்ளைகளை விட நன்றாகத் தமிழ் பேசுகிற ஒரு பீகார்ப் பையன் என் கடையில் வந்து ஃபாரம் நிரப்பிக் கொடுக்கிறான், அவனுக்கு அவர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீட்டைத் தாண்டி இந்த ஊரில் ஒரு சிநேகிதன் கிடையாது.

பெண் பிள்ளைகளைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையன்களுக்காவது வாய்க்கால் மேடு இருக்கிறது. பதிமூன்று வயதுக்கு மேல் ஒரு பெண் பிள்ளை நம் ஊரில் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் எங்கேயும் நிற்க முடியாது. நின்றால் அவள் வீடு போய்ச் சேருவதற்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். ஜெராக்ஸ் எடுக்க வந்து, எடுத்து முடித்த பிறகும் போகாமல், "ஏனுங்க்கா, இங்கயே கொஞ்ச நேரம் நின்னுக்கட்டுங்களா?" என்று கேட்கிற பிள்ளைகள் உண்டு. என் கடை பத்துக்குப் பத்து. உள்ளே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தால், மிஷின் சூட்டில் வேர்த்துக்கொண்டு, ஒரு நோட்டைப் புரட்டுகிற மாதிரி பிடித்துக்கொண்டு இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். பரீட்சை, டீச்சர், வீட்டில் நடந்த சண்டை, அடுத்து என்ன படிப்பது, தாய்மாமன் வீட்டுக்குக் கட்டிக்கொடுக்கப் பேச்சு நடக்கிறது என்ற பயம். வேறு எங்கே போய் இதையெல்லாம் பேசுவார்கள்? 2021-லிருந்து அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சுற்றுக் கிராமத்துப் பெண் பிள்ளை கூடக் காசில்லாமல் டவுனுக்கு வந்துவிடலாம், வந்த பிறகு கால் வைக்கத்தான் இடம் இல்லை.

ஊர் இதையெல்லாம் ஒத்துக்கொள்ளாது என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். வள்ளிக்கும்மியைப் பாருங்கள். இந்த நாலைந்து வருஷத்தில் நம் கொங்குப் பக்கம் முழுக்க அது எப்படிப் பரவியிருக்கிறது! பொழுதோட சாப்பிட்டுவிட்டு ட்யூப்லைட் கட்டிய மைதானத்துக்கு அம்மாவும் மகளும் பாட்டியுமாகப் போய், ராத்திரி ஒன்பது, பத்து மணி வரை கால் தட்டிப் பழகி, அரங்கேற்றத்தன்று ஒரே கலர் சேலையில் நூற்றுக்கணக்கில் ஆடுகிறார்கள். அந்தப் புள்ளைகளின் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? ராத்திரியில் பெண் பிள்ளை வெளியே போகக் கூடாது என்று சொல்கிற அதே வீடுகள்தான் அனுப்புகின்றன. இடம் நம்முடையது, வெளிச்சம் இருக்கிறது, தெரிந்த பெண்கள் கூட இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை வந்தால் ஊர் அனுப்பும். மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்ட நாளிலிருந்து பிடுங்குகிற நாள் வரை பையன்களும் அப்படித்தான், தினமும் ராத்திரி மேள அடிக்குக் கம்பத்தைச் சுற்றி ஆடுகிறார்கள், அந்த நாட்களில் காலி சைட் காலியாகவே கிடக்கும். மற்ற மாதங்களில் என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி.

ஆனால் எல்லாத் தெருப் பிள்ளைகளும் எல்லாக் கும்மியிலும் சேர முடிவதில்லை, எல்லாரும் கம்பம் சுற்ற முடிவதில்லை. இதை எழுதாமல் விட்டால் இந்த மடலில் பாதி பொய்யாகிவிடும். அதனால்தான் கோயில் இடமும் வேண்டாம், எந்தச் சங்கத்தின் மண்டபமும் வேண்டாம், நகராட்சி இடமே வேண்டும் என்று கேட்கிறேன். பொது வரியில் கட்டிய கட்டிடத்துக்குள் வர எந்தப் பிள்ளையும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வெள்ளையடித்துக் கொடுத்தார்கள், ஃபேன் வாங்கிக் கொடுத்தார்கள் என்பதற்காக ஒரு குலத்தின் பெயரோ ஒரு சங்கத்தின் பெயரோ அந்தச் சுவரில் ஏறக் கூடாது. ஏறினால் அன்றைக்கே பாதிப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள், யாரும் போகச் சொல்ல வேண்டியதே இல்லை.

இடம் திறந்தால் காதல் வரும், ஓடிப்போவார்கள் என்ற பயத்தையும் நேராகவே பேசிவிடலாம். 2015-இல் திருச்செங்கோடு மலைக்கோயிலில் கூடப் படித்த வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் என்ற தலித் பையனைக் கடத்திக்கொண்டு போய்க் கொன்றார்கள். 2022-இல் மதுரை நீதிமன்றம் அந்த வழக்கில் ஆயுள் தண்டனை கொடுத்தது. ஒரு பையனும் ஒரு பெண்ணும் உட்கார்ந்து பேசியதற்காக இங்கே நடந்த கதை இது, பக்கத்து மாவட்டம், நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் போய் வருகிற கோயில். ஆணும் பெண்ணும் வெளிச்சத்தில், நாலு பேர் நடுவில், கேரம் போர்டைச் சுற்றி நின்று சாதாரணமாகப் பேசிப் பழகிய ஊரில் வளர்கிற பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை மனுஷனாகத் தெரியும். ஒளிந்து பேச வேண்டிய நிலையில்தான் ஆபத்தெல்லாம் இருக்கிறது. என் மகளும் அங்கே போவாள். அதைத் தெரிந்துதான் கேட்கிறேன்.

பார்க் இருக்கிறதே என்று சொல்வீர்கள். இருக்கிறது, வாக்கிங் போகிறவர்களுக்கு நன்றாகவே இருக்கிறது. ஊஞ்சலில் பெரிய பிள்ளைகள் உட்காரக் கூடாது, புல்லில் உட்காரக் கூடாது, ஜோடியாக உட்காரக் கூடாது, கூட்டமாக உட்காரக் கூடாது, ஏழரைக்குக் கேட் சாத்திவிடுவார்கள். அறிவுசார் மையங்கள் பல நகராட்சிகளில் கட்டியிருக்கிறார்கள், நல்ல காரியம், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் அங்கேயும் அமைதி காக்க வேண்டும், புத்தகம் கையில் இருக்க வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் படிப்பைத் தவிர வேறு எதற்குமே ஓர் இடம் கிடையாது என்று நாம் எப்போது முடிவு செய்தோம்? குழந்தைகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் சேர்ந்தது. அதில் 31-வது பிரிவு ஓய்வும், விளையாட்டும், பொழுதுபோக்கும் பிள்ளைகளின் உரிமை என்கிறது, 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோருக்கும்.

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கேரளாவில் சின்னச் சின்ன ஊரில் கூட ஒரு வாசகசாலை இருக்கும். 1945-இல் பி. என். பணிக்கர் 47 நூலகங்களைச் சேர்த்துத் தொடங்கிய இயக்கத்திலிருந்து வளர்ந்தவை அவை. பல இடங்களில் புத்தகத்தோடு கேரம் இருக்கும், செஸ் இருக்கும், டிவி இருக்கும், பக்கத்திலேயே ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப்பும் இருக்கும், உலகக் கோப்பை வந்துவிட்டால் ஊரே அங்கேதான். நடத்துவது பெரும்பாலும் ஊர்க்காரர்கள். நாமும் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம், அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது, நமக்கு ஒரு கிளை நூலகம் வந்திருக்கிறது, கூடி உட்காருகிற இடம் மட்டும் வரவில்லை.

ஐஸ்லாந்தில் நடந்தது இதைவிடப் பெரிய விஷயம். 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையானவர்கள் 42 சதவீதம். 2016-இல் அது 5 சதவீதம். போலீஸை மட்டும் வைத்து இதைச் செய்யவில்லை. வருஷா வருஷம் பிள்ளைகளிடமே கணக்கெடுத்தார்கள், ராத்திரி எத்தனை மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள், பெற்றோரைச் சேர்த்துக்கொண்டார்கள், கூடவே விளையாட்டுக்கும் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் ஊர் ஊராக இடம் கட்டி, தலைநகரில் அதற்கென்று குடும்பங்களுக்குப் பணமும் கொடுத்தார்கள். அந்த அளவுக்கு நம்மால் முடியாது, தெரியும். ஆனால் சாயங்காலம் பிள்ளைக்குப் போக நல்ல இடம் இருந்தால் கெட்ட இடத்துக்குப் போவது குறையும் என்பதை அவர்கள் ஒரு நாடு முழுக்கச் செய்தே காட்டியிருக்கிறார்கள்.

என்ன வேண்டும் என்று கடைக்கு வருகிற பிள்ளைகளிடமே கேட்டேன். பெரிய பட்டியல் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பெண் பிள்ளைகள் எல்லோரும் முதலில் சொன்னது பாத்ரூம். தண்ணீர் வருகிற, உள்ளே தாழ்ப்பாள் போட முடிகிற, நாப்கின் போடக் கூடை இருக்கிற பாத்ரூம். அப்புறம் ஒரு கண்ணாடி, போன் சார்ஜ் போட நாலு பிளக் பாயிண்ட், குடி தண்ணீர். பசங்க கேரம் போர்டும், பாட்டுக் கேட்க ஒரு ஸ்பீக்கரும் கேட்டார்கள். கம்பெனிக்குப் போகிற ஒரு பையன் ஏழு மணிக்குப் பூட்டிவிட வேண்டாம், எங்களுக்கு வேலை விட்டு வரவே எட்டு மணி ஆகிறது என்றான். ஒரு புள்ள மட்டும் போகும்போது திரும்பி வந்து, "உள்ள ஆரும் போட்டோ எடுக்கக் கூடாதுன்னு எழுதிப் போடச் சொல்லுங்க்கா" என்றது. இதை அப்படியே விதியாக வைத்துக்கொள்ளலாம். கேமரா வாசலில் இருக்கட்டும், உள்ளே வேண்டாம்.

பணம் பற்றி. நகர்ப்புற உள்ளாட்சிகளின் பொறுப்பு என்று அரசியலமைப்பின் பன்னிரண்டாவது அட்டவணை சொல்கிற 18 வேலைகளில் பூங்காவும் விளையாட்டு மைதானமும் போன்ற வசதிகள் செய்து தருவதும் ஒன்று, எனவே இது நகராட்சி வேலை இல்லை என்று சொல்ல வழியில்லை. கட்டிடம் ஏற்கெனவே நம்முடையது. கூரையில் ஒழுகுகிற இடம், வயரிங், இரண்டு பாத்ரூம், தண்ணீர் கனெக்‌ஷன், இவைதான் பெரிய செலவு. நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடுகிறது. அந்த மூன்றில் ஒரு பங்கைத் திரட்டும் வேலையை பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரர்கள் சிலரும் நானும் எடுத்துக்கொள்கிறோம். ஊரில் கோயில் கும்பாபிஷேகத்துக்கு எப்படிப் பணம் சேர்கிறது என்று நமக்குத் தெரியும், இதற்கும் சேரும், கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். உங்கள் பொறியாளர் ஒரு மதிப்பீடு போட்டுக் கொடுத்தால் நாங்கள் தொடங்கிவிடலாம்.

நடத்துவதுதான் கஷ்டம், கட்டுவது சுலபம். கிராமத்துப் பக்கம் ஆர்வமாகத் திறந்து, சாவி ஒருவர் வீட்டில் தங்கி, நாலு மாதத்தில் பூட்டிப்போன நூலகங்களும் உடற்பயிற்சிக் கூடங்களும் எல்லோரும் பார்த்தவைதான். அதனால் சம்பளத்துக்கு ஓர் ஆள் வேண்டும், அது ஒரு பெண்ணாக இருக்க வேண்டும், பிள்ளைகளை அதட்டாதவராக இருக்க வேண்டும். இல்லம் தேடிக் கல்வி 2021-இல் வந்தபோது மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் தெருத் தெருவாக இளம் பெண்கள் சாயங்கால வகுப்பு எடுத்தார்களே, அப்படிப்பட்டவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள், ஆனால் இதற்கு ஆயிரம் ரூபாய் போதாது, ஒழுங்கான சம்பளம் கொடுங்கள். சாயங்காலம் நாலிலிருந்து ஒன்பது வரை, ஞாயிற்றுக்கிழமை முழு நாள். பிள்ளைகளே ஒரு குழு வைத்துக்கொள்ளட்டும், அதில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள், வேலைக்குப் போகிறவர்களும் இருக்க வேண்டும், எல்லா வார்டிலிருந்தும் இருக்க வேண்டும், காலனியிலிருந்தும் லைன் வீட்டிலிருந்தும் கண்டிப்பாக இருக்க வேண்டும். சண்டை வரும், கேரம் போர்டு உடையும், சுவரில் கிறுக்குவார்கள். அதற்காக ஒரு வாரம் கூடப் பூட்டிவிடாதீர்கள், பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசிச் சரி செய்யச் சொல்லுங்கள்.

பெண் உறுப்பினர்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும். பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீடு வந்து 2022-இல் நடந்த தேர்தலில் நீங்கள் மன்றத்துக்குள் வந்தீர்கள். உங்களில் சிலர் எனக்கு ஸ்கூலில் சீனியர், ஜூனியர். நாம் பதினைந்து வயதில் தண்ணிக் குழாயடியிலாவது நின்று பேசினோம். இப்போது வீட்டுக்கு வீடு குழாய், நல்லதுதான், அந்த நிற்கிற இடமும் போய்விட்டது. வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று பார்க்காமல் நீங்கள் இரண்டு பேர் சேர்ந்து முன்மொழிந்தால் மற்றவர்கள் எதிர்க்க யோசிப்பார்கள்.

அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு ஒரு பதினைந்து நிமிடம் எங்களுக்கு ஒதுக்குங்கள், பேசப்போவது நான் இல்லை, பிள்ளைகள் நாலு பேர், அதில் ஒருவன் கம்பெனிக்குப் போகிறவன், அவன் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். மற்ற மூன்று பேருக்கும் பள்ளி விட்டு வந்து சேர ஐந்து மணி ஆகும். கூட்டத்தைக் காலையில் வைத்தால் அவர்கள் வர முடியாது, எனவே எங்கள் நேரத்தை மட்டுமாவது ஐந்து மணிக்கு மேல் வையுங்கள்.

இப்படிக்கு,
பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடைக்காரி, ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணின் அம்மா